எழுபது இலட்சமும் பதினெட்டு மாதமும்

தோப்பூரிலிருந்து வெளிநாடு போவது புதிய செய்தியல்ல. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள மூதூர், கிண்ணியா, தோப்பூர் ஆகிய ஊர்களில் சவூதிக்கோ குவைத்துக்கோ கட்டாருக்கோ ஆள் போகாத தெரு இல்லை. வயல் ஒரு போகம் கைகொடுத்தால் மறுபோகம் காலை வாரும். இடையில் யுத்தம். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சண்டையின்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலை நகருக்குப் போவதற்கே துறையில் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து றியாத் போவது ஒருவகையில் இலகுவாகத்தான் இருந்தது.

இப்போது போகிறவர்கள் வேறு. உயர்தரம் சித்தியடைந்து, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டுக்கும் உரிமையுள்ள திருகோணமலை மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், பட்டத்தோடு திரும்பியவர்கள். ஒலுவில், வந்தாறுமூலை, கோணேசபுரி, பேராதனை வளாகங்களில் படித்தவர்கள். 2020இல் அரசாங்கம் பட்டதாரிப் பயிலுனர்களை 20,000 ரூபா கொடுப்பனவுக்குச் சேர்த்தபோது அதில் இடம்பிடித்தவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அதே வருடம் ஜூனில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சுற்றறிக்கை வந்தது. போவதற்கு மனம் இருந்தவர்களுக்கு அரசே கதவைத் திறந்துவிட்டது. வளைகுடாவுக்குப் போக வேலை ஒப்பந்தம் வேண்டும். பிரித்தானியாவுக்குப் போக ஒரு முதுமாணிக் கற்கைநெறியில் இடம் கிடைத்தால் போதும். 2021 ஜூலை 1 முதல் படிப்பை முடித்தவர் இரண்டு வருடம் அங்கேயே நின்று வேலை செய்யலாம் என்ற ‘கிராஜுவேட் ரூட்’ வீசாவும் இருந்தது. படிப்பு ஒரு வருடம், வேலை இரண்டு வருடம், அதற்குள் வழி பிறக்கும் என்ற மூன்று வருடக் கணக்கு அப்போது உருவானது.

வெளிநாட்டு முதுமாணி மாணவர்களின் வேலைவாய்ப்புப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. தொழில் வழிகாட்டல் அலகு, சுயவிபரக் கோவை திருத்தும் வகுப்பு, மாதிரி நேர்முகம், வேலைச்சந்தை என்று பல்கலைக்கழகங்கள் செலவழிக்கின்றன. இவை எல்லாம் பிள்ளை விமானத்தால் இறங்கிய பிறகு தொடங்குபவை. தோப்பூர்ப் பிள்ளையின் வேலைவாய்ப்போ அதற்கு ஒரு வருடம் முன்னரே, ஊரில், பெரும்பாலும் ஏஜென்சிக்காரரின் மேசையில் முடிவாகிவிடுகிறது. எந்தப் பாடம், எந்த நகரம், எந்த மாதச் சேர்க்கை, எவ்வளவு கடன் என்ற நான்கும் அங்கேதான் தீர்மானமாகின்றன. அந்த மேசையில் குடும்பத்தின் பக்கம் இருந்து கணக்குக் கேட்க ஆளில்லை. எனது வாதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான கணக்கு.

ஆகவே கணக்கையே முதலில் பார்ப்போம். முதுமாணிக் கட்டணம் 16,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். மலிவான பக்கத்தில் இருக்கும் ஓர் உதாரணம் இது. பவுண்ட் 2021இல் 280 ரூபாவை ஒட்டி நின்றது. இன்று நானூறைச் சுற்றி நிற்கிறது. கட்டணம் மட்டும் 64 இலட்சம் ரூபா. 2025 ஏப்ரல் கட்டணப்படி மாணவர் வீசாவுக்கு 524 பவுண்ட். சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்ட். ஒரு வருடப் படிப்புக்கு வீசா கொஞ்சம் நீட்டிக் கொடுக்கப்படுவதால் ஒன்றரை வருடத்துக்குக் கட்ட வேண்டும், 1,164 பவுண்ட். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஆறேமுக்கால் இலட்சம். விமானச் சீட்டு வாங்கும் முன்பே எழுபது இலட்சம் ஆகிவிட்டது.

அதற்கு மேல் ‘காட்டும் காசு’. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவுக்கான பணம், அதாவது 10,539 பவுண்ட், தன் அல்லது பெற்றோரின் கணக்கில் தொடர்ந்து 28 நாள் கிடந்ததைக் காட்ட வேண்டும். லண்டன் என்றால் மாதம் 1,529. பிரித்தானிய உள்துறை அமைச்சு 2025 நவம்பரில் உயர்த்திய தொகை இது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தப் பணம் பல வீடுகளில் சொந்தப் பணமல்ல. 28 நாளுக்கு மட்டும் கணக்கில் போட்டுவைத்து எடுப்பதற்குக் கமிஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பக் கோப்பில் பணம் இருக்கிறது, பிள்ளையின் கையில் இல்லை. அங்கே போய் இறங்கிய அன்றே அவர் வேலை தேடத் தொடங்குவது இதனால்தான்.

அந்த வேலை எவ்வளவு தரும்? பாடநெறிக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் அனுமதி. 2025 ஏப்ரல் வீதப்படி அடிப்படைக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். வாரம் 244 பவுண்ட், மாதம் சராசரி 1,058. வாழ்வதற்கு மாதம் 1,171 வேண்டும் என்று அதே அரசாங்கம்தான் சொல்கிறது. அனுமதித்த மணித்தியாலம் முழுவதும் ஒரு வாரம் தவறாமல் வேலை செய்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே மாதம் நூறு பவுண்டுக்கு மேல் துண்டு விழும். ‘பார்ட் டைம் செய்து பீஸைக் கட்டிடலாம்’ என்று சொல்லப்படும் வாக்கியம் இந்த இடத்தில் முறிகிறது. ஒரு நுணுக்கம் இன்னும் உண்டு. முதுமாணி மாணவர் கோடையில் ஆய்வேடு எழுதும் காலம் விடுமுறை அல்ல, பாடநெறிக் காலம்தான். அப்போதும் 20 மணித்தியாலமே. இதைத் தெரியாமல் கோடையில் முழுநேரம் வேலை செய்தால் வீசா நிபந்தனையை மீறியதாகிவிடும். பிறகு எந்த வேலைவாய்ப்பு அலகாலும் காப்பாற்ற முடியாது.

கடன் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தப் பக்கத்துக் காணிகளில் நிறைய, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக் காணியைப் போல் அதை ஈடு வைக்க முடியாது. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பங்களும் அதிகம். ஆகவே உம்மாவின் நகை, மாமாவின் கைமாற்று, கட்டாரில் இருக்கும் காக்காவின் சேமிப்பு, கடைசியாகத் தங்கச்சிக்குக் கட்ட வைத்திருந்த வீட்டுக் காசு. கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மகன் லண்டனில் படிக்கும் செலவு மகளின் கலியாணத்தைத் தள்ளிவைக்கிறது என்ற வரி எந்தப் பல்கலைக்கழகத்தின் தகவல் புத்தகத்திலும் வராது. வட்டியில்லாக் கடனுக்குத் தவணை இல்லை. ஆனால் பெருநாளுக்குப் பெருநாள் கேட்கப்படும். ‘எப்படியாவது அங்கேயே நில்லு’ என்ற அழுத்தம் இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அந்த அழுத்தத்தோடு வேலை தேடுகிறவர் நல்ல வேலைக்குக் காத்திருக்க மாட்டார்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை இதுபற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. பிரித்தானியாவில் பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை எடுக்கும் திட்டங்களுக்கு விண்ணப்பம் கோருவது செப்டெம்பர், ஒக்டோபரில். நவம்பர், டிசம்பருக்குள் பல மூடிவிடும். எடுக்கப்படுகிறவர் வேலைக்குச் சேர்வது அடுத்த வருடம் செப்டெம்பரில். உள்ளூர் மாணவருக்கு இது வசதியான ஏற்பாடு: மூன்றாம் வருடம் தொடங்கும்போது விண்ணப்பிப்பார், அதற்கு முந்திய கோடையில் அதே நிறுவனத்தில் பயிற்சியும் பெற்றிருப்பார். நமது பிள்ளை செப்டெம்பர் கடைசியில் இறங்குகிறார். குளிருக்குச் சட்டை வாங்கி, வங்கிக் கணக்குத் திறந்து, அறை தேடி, ஒரு கடையில் வேலை பிடித்து, நூலகம் எங்கே என்று அறியும்போது நவம்பர் முடிந்திருக்கும். ஒரு வருடப் படிப்புக்காரருக்கு வேலை தேடும் பருவம் அவர் வந்த முதல் எட்டு வாரம்தான். தொழில் வழிகாட்டல் அலகுக்கு அவர் போவது, அனேகமாக, ஆய்வேடு கொடுத்த பிறகு. ஜனவரிச் சேர்க்கைக்காரரின் நிலை இன்னும் மோசம். அவர் இறங்கும்போது அந்த வருடச் சுற்று முடிந்திருக்கும். ‘செப்டெம்பர் தவறினால் என்ன, ஜனவரியில் போகலாம்’ என்று ஏஜென்சியில் சொல்வது சாதாரணமாகக் கேட்கும் பேச்சு.

பல்கலைக்கழகங்கள் இதை அறியாமல் இல்லை. வரும் முன்பே இணையவழி அறிமுகம் வைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பட்டம் பெற்ற பிறகும் இரண்டு மூன்று வருடம் வரை தொழில் ஆலோசனை தருகிறவை பல. ஆனால் தகவல் புத்தகத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் ‘வேலைவாய்ப்பு வீதம்’ நம்மைப் பற்றியதல்ல. பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கை பட்டம் பெற்று 15 மாதம் கழித்து நடத்தும் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. வெளிநாட்டு மாணவர்கள் அதற்குப் பதில் சொல்வது குறைவு. ‘வேலையில் அல்லது மேற்படிப்பில் இருப்போர்’ என்ற அந்தத் தொகைக்குள் சுப்பர்மார்க்கட் காசாளரும் அடங்குவார். எண் பொய்யல்ல. அது வேறொருவரின் எண்.

அடுத்தது ஆள்தொடர்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் பொஸ்டனுக்கு அருகே நியூட்டன் நகரில், வேலை மாறிய 282 தொழில்முறையாளர், முகாமையாளர் போன்றோரை ஆராய்ந்தார். பாதிக்கு மேற்பட்டோர், 56 வீதம், வேலையை அறிந்தது தெரிந்த ஒருவர் மூலம். அந்தத் ‘தெரிந்தவர்’ யார் என்று பார்த்தபோதுதான் சுவாரசியம். அடிக்கடி சந்திப்பவர் 17 வீதம்கூட இல்லை. எப்போதாவது, அல்லது அரிதாகச் சந்திப்பவர்களே மிச்சம் எல்லாம். நெருங்கியவருக்குத் தெரிந்த வேலை நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் புதிய செய்தியைக் கொண்டுவருகிறது.

ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ இறங்கும் கிழக்கிலங்கைப் பிள்ளைக்கு நெருங்கிய தொடர்புக்குக் குறைவில்லை. மச்சானின் மச்சான் அறை எடுத்துக் கொடுப்பார். ஊர்க்காரர் ஒருவர் ஒரே வாரத்தில் பெற்றோல் ஷெட்டிலோ களஞ்சியசாலையிலோ வேலை வாங்கிக் கொடுப்பார். அந்த உதவியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அது இல்லாவிட்டால் பலர் முதல் மாதத்தையே தாண்ட மாட்டார்கள். ஆனால் அது கொண்டுபோய் விடும் இடம், உதவியவர் தான் நிற்கும் இடம்தான். பேராசிரியர், வகுப்பில் பக்கத்தில் இருக்கும் உள்ளூர் மாணவி, ஆய்வேட்டுக்காகச் சந்தித்த நிறுவன அதிகாரி, தொழிற்சங்கக் கூட்டத்தில் அறிமுகமானவர் என்ற தூரத்து வளையம் அவருக்கு இல்லை. இரவு வேலை முடித்து வகுப்பில் தூங்குகிறவருக்கு அது உண்டாகவும் மாட்டாது.

பெயரும் ஒரு தடை. பிரித்தானிய அரசின் தொழில், ஓய்வூதியத் திணைக்களத்துக்காகச் செய்யப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 987 வேலை அறிவிப்புகளுக்கு ஒரே தகுதியுள்ள, பெயர் மட்டும் வேறான விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயருக்கு 9 விண்ணப்பத்துக்கு ஒரு சாதகமான பதில்; சிறுபான்மையினர் பெயருக்கு 16க்கு ஒன்று. இவர்கள் எல்லோரும் அந்த நாட்டிலேயே வேலை செய்ய உரிமையுள்ளவர்களாகக் காட்டப்பட்டவர்கள். வீசா அனுசரணை கேட்கும் வெளிநாட்டவரின் கணக்கு எப்படியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். மனம் தளர்வதற்காக இதைச் சொல்லவில்லை. இருபது விண்ணப்பத்தோடு ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று நிறுத்தக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விதிகள் மாறிய வேகம் இன்னொரு கதை. 2024 ஜனவரியிலிருந்து பாடநெறி முதுமாணி மாணவர்கள் துணையைக் கூட்டிப்போக முடியாது. மனைவி படிக்க, கணவன் கூடப்போய் முழுநேரம் வேலை செய்து கடனை அடைக்கும் வழி அதோடு மூடப்பட்டது. கிழக்கிலிருந்து பட்டதாரிப் பெண்கள் போவதற்குக் குடும்பங்கள் இசைந்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணமாக இருந்தது. திறன்சார் தொழிலாளர் வீசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 26,200 பவுண்டிலிருந்து 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும், 2025 ஜூலை 22இல் 41,700 ஆகவும் ஏறியது. அதே நாளில் பட்டதாரித் தரத்துக்குக் கீழான நூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள் அந்த வீசாவுக்கான தகுதியை இழந்தன. பராமரிப்பு ஊழியர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதும் நின்றது. ‘முதலில் கெயார் வேலை, பிறகு பார்க்கலாம்’ என்ற திட்டத்தோடு போனவர்கள் நடுவழியில் நின்றார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிகளுக்கு கிராஜுவேட் வீசா இரண்டு வருடமல்ல, 18 மாதம். கலாநிதிப் பட்டக்காரருக்கு மட்டும் மூன்று வருடம் அப்படியே இருக்கிறது. மூன்று வருடக் கணக்குப் போட்டு வாங்கிய கடனை இனி இரண்டரை வருடத்தில் நியாயப்படுத்த வேண்டும்.

ஆயினும் வழி முற்றாக அடைபடவில்லை. படிப்பை முடித்து நேரே வேலைக்கு மாறுவோர் ‘புதிய நுழைவோர்’ என்ற வகையில் 33,400 பவுண்ட் சம்பளத்தோடு அனுசரணை பெறலாம். அந்தந்தத் தொழிலுக்கென வகுத்த சம்பளத்தின் குறைந்த வீதத்தையும் எட்ட வேண்டும். வரியும் தேசியக் காப்புறுதியும் போக மாதம் ஏறத்தாழ 2,300 பவுண்ட் கையில் வரும். எழுபது இலட்சக் கடனைச் சில வருடத்தில் அடைக்கக்கூடிய சம்பளம். அனுசரணை உரிமமுள்ள நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சு இணையத்தில் வெளியிடுகிறது; ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். தோப்பூரில் இருந்தபடியே தரவிறக்கி, தான் படிக்கப்போகும் துறையில் எத்தனை நிறுவனம் எந்த நகரத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். காசு கேட்கமாட்டார்கள்.

இன்னொரு சலுகை உண்டு. வெளிநாட்டவரை எடுக்கும் நிறுவனம் அனுசரணையின் ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்கிட்டுக் குடிவரவுத் திறன் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் மாணவர் வீசாவிலிருந்து நேராகத் திறன்சார் வீசாவுக்கு மாறுகிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. கிராஜுவேட் வீசாவுக்குப் போய் அங்கிருந்து மாறினால் உண்டு. அதாவது மாணவராக இருக்கும்போதே ஒருவரை எடுப்பது நிறுவனத்துக்கு மலிவு. இதை நேர்முகத்தில் தானே எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே வேலை ஒன்றின் தூரம் இருக்கலாம். எத்தனை மனிதவள அதிகாரிகளுக்கே இது தெரியும் என்பது சந்தேகம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவுஸ்திரேலியா 2024 ஜூலையில் பட்டதாரி வீசாவுக்கான வயதெல்லையை 50இலிருந்து 35க்குக் குறைத்தது. ஆய்வு முதுமாணிக்கும் கலாநிதிக்கும் விலக்கு. இலங்கையில் உயர்தரம் எழுதி, அனுமதிக்குக் காத்திருந்து, பகிஷ்கரிப்புகளைத் தாண்டிப் பட்டம் பெறும்போது வயது இருபத்தாறு, இருபத்தேழு. நியமனத்துக்குக் காத்து, கலியாணமும் முடித்து, யோசித்துப் புறப்படும்போது முப்பத்துமூன்று. இரண்டு வருடப் படிப்பு முடியும்போது வயது எல்லையைத் தொட்டுவிடும். மாணவர் வீசாக் கட்டணமும் ஒரு வருட இடைவெளியில் இரு தடவை உயர்ந்து 2,000 டொலரானது. ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லை, படித்து முடித்து 18 மாதம் வேலை தேடலாம். ஆனால் முடக்கப்பட்ட கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ வைக்க வேண்டும், ஜேர்மன் மொழி தெரியாதவருக்குத் தகவல் தொழில்நுட்பம் போன்ற சில துறைகளுக்கு வெளியே வேலை குறைவு. விஞ்ஞான, பொறியியல் பட்டதாரி ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், ஒரு வருடம் பிந்தினாலும் மொழியைப் படித்துக்கொண்டு ஜேர்மனிக்கு முயலுங்கள் என்பேன். ஏஜென்சிகள் அதைச் சொல்வது குறைவு. காரணம் ஊகிக்கக் கடினமல்ல: கட்டணமில்லாத பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் வீதமாகக் கமிஷன் எடுக்க எதுவுமில்லை.

ஏஜென்சி என்ற சொல்லுக்கு மூதூர்ப் பிரதேசத்தில் ஒரு நினைவு உண்டு. 2005இல், உண்மையான வயது பதினேழாக இருக்க, பிறந்த வருடத்தை மாற்றிய கடவுச்சீட்டில் சவூதிக்கு அனுப்பப்பட்ட மூதூர்ச் சிறுமி றிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு மாணவர் வீசாவை அந்தக் கொடுமையோடு ஒப்பிட நான் வரவில்லை. சட்டத்தின் பார்வை எங்கே விழுகிறது என்பதே கேள்வி. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். றிசானா இறந்த 2013இலேயே வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களின் குடும்பப் பின்னணி அறிக்கையை அரசு கேட்கத் தொடங்கியது. 2022இல்தான் அது தளர்ந்தது. உம்மா சவூதிக்குப் போகும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கிராம உத்தியோகத்தர்வரை விசாரித்த அரசு, மகன் எழுபது இலட்சம் கடனோடு போகும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. படிக்கப் போகிறவர் வேலைக்குப் போகிறவரல்ல என்பதால் அந்தச் சட்டம் அவரைக் காணாது. அவரோ பாதிக்கு மேல் வேலைக்குத்தான் போகிறார். எல்லோருக்கும் தெரியும்.

பிரித்தானியாவின் குடிவரவு ஆலோசனைக் குழு 2024 மே மாதம் கிராஜுவேட் வீசாவை ஆராய்ந்து, பரவலான துஷ்பிரயோகம் இல்லை, அதைத் தொடரலாம் என்றது. அதே அறிக்கை, மாணவர்களை ஏமாற்றும் முகவர்கள்மீது கவலை தெரிவித்து, அவர்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்யும் முறை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பணம் வாங்கும் நாடே அப்படிச் சொல்லும்போது, பணம் போகும் நாட்டில் அதைப்பற்றிய பேச்சுக் குறைவு. முகவர் எல்லோரும் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பம் ஒழுங்காகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகம் அவருக்கு முதல் வருடக் கட்டணத்தில் ஒரு வீதம் தருகிறது என்பதைக் குடும்பம் தெரிந்துகொண்டு பேச வேண்டும். இலகுவாக இடம் கிடைக்கும் முகாமைத்துவப் பாடங்கள் ஏன் திரும்பத் திரும்பச் சிபாரிசாகின்றன என்பது அப்போது விளங்கும். இரசாயனவியல் படித்தவர் ‘சர்வதேச வணிகம்’ படிக்கப் போவதைக் காண்கிறோம். இரண்டும் சேர்ந்து எந்த வேலைக்கும் நேராகப் போய்ச் சேராது.

திரும்பி வருகிறவரைப் பற்றி யாரும் திட்டமிடுவதில்லை. ‘திரும்பி வந்துட்டான்’ என்பது நமது ஊரில் தோல்வியின் பெயர். பல்கலைக்கழக விரிவுரையாளராகும் எண்ணத்தோடு போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிரேஷ்ட விரிவுரையாளர் தரத்துக்கு, குறைந்தது இரண்டு கல்வியாண்டு நீளமும் ஆய்வேடும் உள்ள பட்டப்பின் பட்டத்தை ஆட்சேர்ப்பு விதி கேட்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்திலும் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு கூடியது 10ஆம் மட்டம். எழுபது இலட்சம் கொடுத்து வாங்கிய ஒரு வருட முதுமாணி உள்நாட்டில் எந்தப் படியில் ஏறும் என்று போகும் முன்பே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். மாதம் ஒரு இலட்சம் ரூபா சம்பளத்துக்குத் திரும்புகிறவர் ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் எழுபது மாதம், ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு.

உள்ளூரில் வேலையே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. சீனக்குடாவில் பிறீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்தும் பல தசாப்தமாக நிற்கின்றன. அங்குள்ள பழைய எண்ணெய்த் தாங்கிகளை அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. தோப்பூரிலிருந்து அதிக தூரமில்லாத சம்பூரில், கைவிடப்பட்ட நிலக்கரித் திட்டத்தின் இடத்தில், 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. இவை ஆயிரக்கணக்கில் வேலை தருபவையல்ல. ஆனால் வலுசக்தி, துறைமுக நிர்வாகம், நீர்ப்பாசனம், உணவுத் தொழில்நுட்பம் என்று இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும் பாடத்தில் முதுமாணி செய்தவருக்கு லண்டனிலும் திருகோணமலையிலும் இரண்டு கதவு இருக்கும். வளைகுடாவையும் மறக்கக் கூடாது. இலங்கையின் அளவைக் கணிப்பாளர்களுக்கும் கணக்காளர்களுக்கும் அங்கே நல்ல பெயர் உண்டு. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவை பெரும்பாலும் முதுமாணிப் பட்டங்களல்ல. தொழில்சார் நிறுவனங்களின் பரீட்சைகள். கொழும்பில் இருந்துகொண்டு, எழுபது இலட்சத்தின் சிறு பங்கில் அவற்றை முடிக்கலாம்.

பிறகு புலமைப்பரிசில்கள். செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அவுஸ்திரேலியா அவோர்ட்ஸ், ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட், மாதம் 1,400 யூரோ தரும் எராஸ்மஸ் முண்டஸ், இந்திய அரசின் மௌலானா ஆசாத் திட்டம். செவனிங் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது. மூதூர் வலயத்தில் இரண்டு வருடம் படிப்பித்த ஆசிரியருக்கு அது இருக்கிறது. படித்து முடித்து இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது செவனிங்; இரண்டு வருடம் அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்கிறது அவுஸ்திரேலியா அவோர்ட்ஸ். ஊரில் பலருக்கு இது குறையாகத் தெரிகிறது. எனக்கோ இவைதான் உண்மையான வேலைவாய்ப்பு உதவியாகப் படுகின்றன: கடன் இல்லாததால் படிக்கிறவர் இரவு வேலைக்கு ஓட வேண்டியதில்லை, தூரத்துத் தொடர்புகளை வளர்க்க நேரம் கிடைக்கிறது, திரும்புவதில் வெட்கமும் இல்லை. தடையாக இருப்பது ஆங்கிலம். தமிழ் மூலம் கலைப்பட்டம் பெற்றவருக்கு ஐஈஎல்டிஎஸ்சில் 6.5 எடுப்பது ஒரு வருட உழைப்பு. அந்த வருடத்தை வீண் என்று நினைத்து, குறைந்த புள்ளிக்கு இடம் தரும் கல்லூரியைத் தேடுகிறோம். பிறகு அதே ஆங்கிலம் நேர்முகத்தில் நம்மைத் தடுக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு அரச பல்கலைக்கழகத்திலும் தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது. ஒலுவிலும் கோணேசபுரியும் தங்கள் பழைய மாணவருக்கும் அந்தக் கதவைத் திறந்துவைக்கலாம். பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கல்வி வீசாவில் போகிறவரும் அவரிடம் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டிக் கேட்கலாம் என்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். பள்ளிவாசல் சம்மேளனங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும், ஏற்கெனவே போய் வேலை பிடித்தவரையும் திரும்பி வந்தவரையும் ஒரே மேசையில் இருத்தி, வருடத்தில் ஒரு நாள் பெற்றோரோடு பேச வைக்கலாம். திரும்பி வந்தவரைக் கட்டாயம் அழையுங்கள். அவருக்குத்தான் முழுக்கணக்கும் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முற்பணம் கட்டும் முன் முகவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாடம் படித்தவரை அனுசரணையோடு எடுக்கும் தொழில் எது, அதன் ஆரம்பச் சம்பளம் எவ்வளவு, பிள்ளை இறங்கும் திகதிக்கும் ஆட்சேர்ப்பு மூடும் திகதிக்கும் இடையே எத்தனை வாரம், உங்களுக்கு இந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு தருகிறது. பதிலை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.